பாக்குக்கு முன்னால் கேட்க வேண்டியது

செவரினாவை ஆற்றுக்கு இந்தப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. தோளில் சுருட்டிய பெரிய காகிதங்கள், பையில் நாலு நிற மார்க்கர் பேனா, வார் அறுந்ததைக் கம்பியால் கட்டிய செருப்பு. ஊர் ஊராகப் போய் சமாதானம் சொல்லிக் கொடுப்பவள். சண்டை ஓய்ந்த பிறகு எங்கள் பூகன்வில் தீவில் புதிதாக முளைத்த உத்தியோகம் அது. துப்பாக்கி பிடித்துக் காட்டில் இருந்தவனையும், அந்தத் துப்பாக்கிக்குப் பயந்து முகாமில் கிடந்தவனையும் ஒரே பாயில் உட்கார வைத்து, மனித உரிமை என்றால் என்ன, பகையை எப்படி ஆற்றுவது என்று மூன்று நாள் பாடம் நடத்துவாள். முகத்துக்கு நேரே டீச்சர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பேப்பர்க்காரி என்பார்கள். இரண்டும் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன.

சண்டைக்கு முன்னால் அவள் நிஜமாகவே பள்ளிக்கூட டீச்சர். பள்ளிக்கூடம் எரிந்துபோனது. எரித்தது யார் என்பதற்கு இரண்டு தரப்பிலும் இரண்டு பதில் உண்டு. அவளுக்கு அது பெரிய கவலையாக இருக்கவில்லை. அவளுடைய கவலை ஏமில்.

ஏமில் அவள் தம்பி. முகாமில் ஆளுக்கு ஒரு டப்பா அரிசியை மூன்று நாள் வைத்துத் தின்று சலித்துப்போய், கைவிட்டு வந்த பழைய தோட்டத்தில் நாலு வள்ளிக்கிழங்கு தோண்டி வருகிறேன் என்று ஒரு கத்தியும் பையுமாக ஒரு காலையில் போனான். இருபத்து நாலு வயது. திரும்பவில்லை. காட்டுக்காரர்கள் பிடித்திருப்பார்கள் என்று முகாமில் சொன்னார்கள். முகாம் காவலுக்கு நின்றவர்களே சுட்டிருப்பார்கள் என்று காட்டில் சொன்னார்கள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

செத்துவிட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே கிடக்கிறான் என்பதுதான் தெரியவில்லை. எங்களுக்கு நிலமும் குலமும் தாய் வழி. கழுகுக் குலத்துப் பிள்ளை கழுகுக் குலத்து மண்ணில் படுக்க வேண்டும். எலும்பு வந்து சேராமல் கருமாதி விருந்து இல்லை, விருந்து இல்லாமல் துக்கம் முடிவதில்லை. அவர்கள் அம்மா அகத்தா ஒன்பது வருஷமாகத் தலைமுடி வெட்டவில்லை. அது சடை பிடித்து, கனத்து, கிழவியின் கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே செவரினா இந்த வேலைக்கு வந்தது சமாதானத்தின் மேல் கொண்ட காதலால் அல்ல. வேறு எந்த வேலையில், காட்டுக்காரர்களின் ஊர்களுக்குள் ஒருத்தி தைரியமாக நடந்து போக முடியும்? எந்த வேலையில் அவர்கள் முகத்தை மூன்று நாள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இடைவேளையில் டீ குடிக்கும்போது, மெதுவாக, பேச்சோடு பேச்சாகக் கேட்பாள். இந்தப் பக்கம் ஏமில்னு ஒருத்தன், உயரமா, முன்பல்லு ஒண்ணு உடைஞ்சவன்... உதட்டைப் பிதுக்குவார்கள். இருபத்திரண்டு ஊர் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை வீடு திரும்பும்போதும் அகத்தா அவள் கையைத்தான் பார்ப்பாள். எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள் என்று நினைத்தாளோ என்னவோ.

இருபத்து மூன்றாவது ஊர் சிகோரெவா. மலையடிவாரம். பாலங்கள் எல்லாம் சண்டையில் போய்விட்டன, வண்டி ஆற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். சண்டையின்போது முழுக்க முழுக்க காட்டுக்காரர்களின் கையில் இருந்த ஊர். இருவாச்சிக் குலம்.

முதல் நாள் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். செவரினா காகிதத்தை விரித்து மாட்டி, ஒவ்வொருவருக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று தொடங்கினாள். எங்கள் பேச்சில் உரிமைக்கும் ‘ரைட்’, எழுதுவதற்கும் ‘ரைட்’. எந்த ஊருக்குப் போனாலும் இந்த இடத்தில் வண்டி ஒரு தடவை குழியில் இறங்கும்.

“எனக்கு எழுதவே தெரியாதே டீச்சர், அப்ப எனக்கு ரைட் கிடையாதா?” என்றார் ஒரு பெரியவர்.

“உங்களுக்கு எழுதற ரைட் இல்லாட்டாலும் இருக்கற ரைட் இருக்கு பெரியப்பா.”

“இவருக்குச் சாப்பிடற ரைட் ஒண்ணு போதும், மத்ததெல்லாம் எங்களுக்குக் குடுங்க” என்று அவர் மனைவி பின்னாலிருந்து குரல் கொடுக்க, கூடம் சிரித்தது. சிரித்துவிட்டால் செவரினாவுக்கு ஊர் கைக்கு வந்த மாதிரி. யாரையும் அடித்தோ பயமுறுத்தியோ பேச வைக்கக் கூடாது என்று சிவப்பு மார்க்கரால் எழுதினாள். நாற்பது பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள்தான் முக்கியமான பாடம். பகை ஆற்றும் சடங்கை நடித்துக் காட்ட வேண்டும். கொன்றவன் இலைக் கொத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்து, செய்ததைச் சொல்வான். பிறகு இழந்தவர்கள் கேட்பார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்டு முடிந்த பிறகுதான் பாக்கு. ஒரே குலைப் பாக்கை இரண்டு பேரும் மென்று, ஒரே வாழையிலையில் துப்ப வேண்டும். இரண்டு எச்சிலும் ஒன்றாகச் சிவந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாவைப் பற்றி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் ஆறிய ரத்தம் மறுபடி கொதிக்கும், கேட்டவர் குலத்திலும் சொன்னவர் குலத்திலும் சின்னஞ்சிறுசுகள் தலையில் அது விடியும். பாக்குக்குப் பின்னால் பன்றி வரும். பன்றியைத் தின்றுவிட்டால், கொன்றவன் செத்தவனுடைய இடத்தில் நிற்பான், அந்த வீட்டுக்குப் பிள்ளையாக.

பயிற்சிக்கான புத்தகத்தில், இந்த நடிப்புக்குப் பாக்குக்குப் பதிலாக பிஸ்கட் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. எழுதிய புண்ணியவான்கள் எங்கள் ஊர்க் கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். செவரினா ஒரே ஒரு ஊரில் பிஸ்கட்டை வைத்துப் பார்த்தாள். கொன்றவனாக நடித்தவன் பிஸ்கட்டை டீயில் தொட்டுத் தின்றான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து நிஜப் பாக்குதான். ஆனால் சுண்ணாம்பு கிடையாது. சுண்ணாம்பு இல்லாமல் பாக்கு சிவக்காது, சிவக்காவிட்டால் கணக்கில் சேராது. விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் நடுவே அவள் போட்டு வைத்திருந்த வேலி அந்தச் சுண்ணாம்பு. தன் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்று காலையிலேயே மலை உச்சியில் மேகம் இறங்கிவிட்டது. மலையில் மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் ஆறு ஏறும். ஏறினால் இரண்டு நாள் சிகோரெவாவிலேயே கிடக்க வேண்டியதுதான். வீட்டில் அகத்தாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், வரும் வழியில் வாங்கிய மருந்து செவரினாவின் பையில் இருந்தது. டிரைவர் பத்து மணிக்கே ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான்.

“கொன்னவனா யார் நடிக்கிறீங்க?” என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கெஞ்சிக் கூத்தாடி ஒருவனைப் பிடித்து இழுக்க வேண்டும். அன்று கேட்டு முடிப்பதற்குள் ஒருவன் எழுந்துவிட்டான். காஸ்பர் என்று பெயர். இருபத்தெட்டு வயது இருக்கும். கொக்கோ உலர்த்தும் கொட்டகை வைத்திருக்கிறான். மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாதவன். இழந்தவளாக நடிக்க வேண்டிய பெண் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு எழ மாட்டேன் என்றாள். நேரம் ஆகிறதே என்று செவரினாவே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

“செத்தவரு பேரு என்ன டீச்சர்?” என்றான் காஸ்பர்.

“ஏதோ ஒண்ணு வெச்சுக்கோயேன்.”

“பேரில்லாத ஆளுக்கு எப்படி டீச்சர் அழறது?”

“சரி, ஏமில்.”

ஏன் அந்தப் பெயர் வாயில் வந்தது என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தாள். வேறு எந்தப் பெயர் வரும்? ஒன்பது வருஷமாக அவள் நாக்கில் இருந்தது அது ஒன்றுதான்.

காஸ்பர் இலைக் கொத்தை அவள் முன்னால் வைத்தான். பிறகு தரையைப் பார்த்தபடி தொடங்கினான். “நான் அப்பச் சின்னப் பையன். துப்பாக்கி குடுத்தாங்க, பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன். அவரு தோட்டத்துல குனிஞ்சு கிழங்கு தோண்டிட்டிருந்தாரு. உளவு பாக்க வந்தவன்னாங்க. நான் நம்பிட்டேன். வேற யாரும் சுடலை. நான்தான். தம்பி, கிழங்கு வேணுமான்னு கேட்டாரு. என்னைப் பாத்து பயப்படக்கூட இல்லை.”

கூடத்தில் பெண்கள் அழுதார்கள். ஆனால் கிழங்கு என்ற சொல் அவளுக்கு உறைக்கவில்லை. காணாமல் போனவர்களில் பாதிப் பேர் கிழங்குக்குப் போனவர்கள்தான். இருபத்திரண்டு ஊர்களில் கேட்ட கதையில் எல்லாம் ஒரு கிழங்குப் பை வரும். எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்றுதான் நினைத்தாள்.

ஊர்த் தலைவர் மத்தியாஸ், தலைவராகவே நடித்தவர், முறைப்படி சொன்னார். “இழந்தவங்க கேக்கலாம்.”

வெளியே ஹார்ன் விடாமல் அலறியது. செவரினா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். உச்சியே தெரியவில்லை.

“கேள்வியெல்லாம் இருக்கட்டும் மாமா. ஆறு ஏறிடும். நேரா பாக்குக்கு வந்துடுங்க.”

காஸ்பர் நிமிர்ந்தான். “நிஜமாவா டீச்சர்?”

“நிஜமாத்தான்ப்பா, சீக்கிரம்.”

அவன் பாக்கை எடுத்து உரித்தான். அவளிடம் ஒன்று கொடுத்தான். இடுப்பிலிருந்து தன் சொந்தச் சுண்ணாம்புக் குடுக்கையை எடுத்து, திறந்து, அவள் பக்கம் நீட்டினான். பன்னிரண்டு வயதிலிருந்து பாக்கு போடுகிறவள். யார் குடுக்கையை நீட்டினாலும் கை தானாகப் போகும். இப்போதும் போனது. அவள் கண்ணும் மனமும் ஆற்றில் இருந்தன. மென்றார்கள், வாழையிலையில் துப்பினார்கள். நல்ல சிவப்பு. நாற்பது பேர் கை தட்டினார்கள். காஸ்பர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

இலையில் சிவப்பைப் பார்த்தபோது செவரினாவுக்கு ஒரு நொடி சுருக்கென்றது. அடடா, சுண்ணாம்பு போட்டுவிட்டோமே. சரி, நாடகம்தானே என்று காகிதங்களைச் சுருட்டினாள். வண்டி ஏறும்போது காஸ்பர் அவள் பையைத் தூக்கி வைத்தான். மூன்று நாளாக டீச்சர் டீச்சர் என்றவன், “பாத்துப் போங்கக்கா” என்றான். பயிற்சி நன்றாக ஏறியிருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம்.

ஆறு வாரம் கழித்து ஒரு மத்தியானம் இரண்டு பேர் கம்பில் கட்டிச் சுமந்துகொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வாழையிலையில் சுற்றிப் புகை போட்ட பாதிப் பன்றி. மேலே ஒரு சரம் சிப்பிப் பணம்.

“சிகோரெவாலேருந்து வர்றோம். காஸ்பர் குடுத்தனுப்பினான். ஏமில் பேருக்கு.”

செவரினாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாடகத்துக்கு யாராவது பன்றி வெட்டுவார்களா? உள்ளேயிருந்து அகத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பன்றியைப் பார்த்தாள், சிப்பிப் பணத்தைப் பார்த்தாள். கிழவிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எங்கயாம்?” என்றாள்.

வந்தவர்கள் பன்றியை இறக்கிவிட்டு, வெறுங்கம்போடு திரும்பி நடந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் செவரினா சிகோரெவாவுக்குப் போனாள். மத்தியாஸ் வீட்டு முற்றத்தில் காஸ்பர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தான். அவள் வருவாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

“என் தம்பி எங்கடா?” என்றாள். வணக்கம் இல்லை, வரவேற்பு இல்லை.

காஸ்பர் வாயைத் திறந்தான். மத்தியாஸ் கையைத் தூக்கி அவனைத் தடுத்தார்.

“அம்மா, அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் பாக்கு போட்டாச்சு. இலை செவந்ததை ஊரே பாத்துச்சு.”

“அது நாடகம் மாமா! பாடத்துக்காக நடிச்சது!”

“நீங்க நடிச்சீங்க. அவன் நடிக்கலையே.”

“எனக்குத் தெரியாதே! தெரியாமப் போட்ட பாக்கு எப்படிச் செல்லும்?”

“பாக்குக்கு என்னம்மா தெரியும், யாரு நடிக்கறா யாரு நடிக்கலைன்னு? சுண்ணாம்பு பட்டா செவக்கும். அதுக்கு அவ்வளவுதான் தெரியும்.”

செவரினா காஸ்பர் பக்கம் திரும்பினாள். “திட்டம் போட்டுத்தானே எந்திரிச்சே? சுண்ணாம்பை வேணும்னேதானே நீட்டினே?”

அவன் கண் கலங்கியிருந்தது. “ஆமாக்கா. எங்கயாவது சொல்லித் தொலைக்கணும்னு ஒன்பது வருஷமாத் தவிச்சேன். மொத நாள் டீ குடிக்கறப்ப, முன்பல்லு உடைஞ்ச ஏமில்னு நீங்க கேட்டப்பவே எனக்கு உசிரு போயிடுச்சு. மூணாம் நாள் எந்திரிச்சேன். நீங்க பேரைச் சொன்னதும், சரி, தெரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன். எல்லாத்தையும் சொன்னேன். எங்கன்னு கேப்பீங்க, கேட்டதும் சொல்லிடலாம்னு வாயில வெச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். கேள்வி இருக்கட்டும்னீங்க. நிஜமாவான்னு கேட்டேன். நிஜமாத்தான்னீங்க. இவ்வளவு பெரிய மனசா இந்தப் பொம்பளைக்குன்னு அழுதேன்க்கா.”

செவரினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பேசியது அவள் அல்ல, அவளுடைய பாடம்தான்.

“எனக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு. என் தாய்க்கு இருக்கு. இந்த ஊர்க் கூடத்துலதானே எழுதினேன்?”

அதற்குள் முற்றத்தில் சேர்ந்துவிட்ட கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. காஸ்பரின் அக்கா. “யாரையும் பயமுறுத்திப் பேச வைக்கக் கூடாதுன்னும் எழுதினீங்களே டீச்சர், செவப்புல? பாக்குக்கப்புறம் இவன் வாயைத் தொறந்தா சாவு எம் பிள்ளைக்குத்தான் வரும். பன்னியைத் திருப்பி அனுப்புங்க, பாக்கை முறிச்சேன்னு சொல்லுங்க. அப்புறம் கேளுங்க. ஆனா பாக்கை முறிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எங்காளுங்களும் சும்மா இருக்க மாட்டாங்க.”

தெரியும். பாக்கை முறித்தால் கழுகுக் குலம் ரத்தம் கேட்கிறது என்று அர்த்தம். ஆறு வருஷமாக ஓய்ந்திருந்த சண்டை அன்றே தொடங்கும். அதை எப்படித் தடுப்பது என்று சொல்லிக் கொடுக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

“தின்னுட்டீங்கன்னா இவன் உங்க வீட்டுப் பிள்ளை” என்றார் மத்தியாஸ். “கூப்பிட்ட குரலுக்கு வருவான். அதுக்கு நான் ஜவாப்தாரி.”

வீட்டில் பன்றி அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா மகன் வில்பிரெட் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். சண்டை ஓய்ந்ததும் எல்லோரும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டக் கொடுத்தார்கள். வில்பிரெட் ஒன்றைக் கொடுத்தான், ஒன்றைக் கொடுக்கவில்லை.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றான். “பன்னியைத் திருப்பி அனுப்பு. எடத்தை அவன் வாயால நான் சொல்ல வெக்கிறேன். ரெண்டு நாள் போதும்.”

செவரினாவுக்கு ஆசையாக இருந்தது. இதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. அவன் சரி என்ற சொல்லுக்குத்தான் காத்திருந்தான், அந்தச் சொல் அவள் வாய் வரை வந்துவிட்டது. இருபத்து மூன்று ஊர்களில் எழுதி மாட்டிய காகிதம் எல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. எரிகிற வயிற்றுக்கு எந்த மார்க்கர் பேனா மருந்து?

“அம்மா, நீ சொல்லு” என்றாள். பாரத்தைக் கிழவி தலையில் இறக்கினாள் என்றும் சொல்லலாம்.

அகத்தா ரொம்ப நேரம் பன்றியைப் பார்த்தாள். “அந்த ஊர்ல எத்தனை பேரு?”

“எம்பது பேர் இருக்கும்.”

“பிள்ளைங்க?”

“பாதிப் பேரு பிள்ளைங்கதான்மா.”

“கத்தியை எடு” என்றாள் கிழவி.

வில்பிரெட் எழுந்து நின்றான். “சின்னம்மா, தின்னீங்கன்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லை.”

“நீ உக்காரு.”

தொடைப் பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். பல் இல்லாத வாய். மெல்ல முடியாமல், துப்பவும் முடியாமல், ஈறால் அரைத்து அரைத்து முழுங்கினாள். முழுங்கி முடித்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

“மூணு நாள் வாய் கிழியப் பேசினியே செவரினா. ஒரு வார்த்தை கேக்க நேரம் இல்லியா உனக்கு?”

உனக்கு மருந்து கொடுக்கத்தான் ஓடி வந்தேன் என்று செவரினா சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? கிழவியும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாரமே குலத்துப் பெண்கள் வந்து அவள் சடையை வெட்டினார்கள். சடை போன பிறகு தலை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. எலும்பில்லாமல் விருந்து நடந்தது. நாலு பேர் பாட்டுப் பாடினார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

செவரினா வேலையை விடவில்லை. விட்டால் வேறு என்ன செய்வது? இப்போது எந்த ஊருக்குப் போனாலும் நடிப்பில் பிஸ்கட்தான் கொடுக்கிறாள். ஊர் சிரிக்கிறது, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நிற்கிறாள். கேள்வி கேட்கும் கட்டம் வந்தால் மட்டும் ஆளை எழ விடமாட்டாள். கேளு, இன்னும் கேளு, நல்லா யோசிச்சுக் கேளு என்று நச்சரிப்பாள். டீச்சருக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அகத்தா செத்துப்போனாள். காய்ச்சல்தான். ரொம்பப் படுத்தவில்லை.

யாரும் ஆள் அனுப்பவில்லை. ஆனாலும் விஷயம் ஆற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. மறுநாள் காலை காஸ்பர் வந்து நின்றான், தோளில் மண்வெட்டி. கூடவே, குழந்தையோடு அவன் அக்காவும் வந்திருந்தாள். தாய்க்குக் குழி வெட்ட வேண்டியது மகன். பன்றி தின்ற வீட்டில் அது அவன் இடம். குலத்து ஆண்கள் விலகி வழி விட்டார்கள். வில்பிரெட் மட்டும் நகராமல் நின்றான். பிறகு அவனும் விலகினான்.

தனியாளாக வெட்டினான். யாரையும் கை வைக்க விடவில்லை. மழையில் ஊறிய மண், வெட்ட வெட்ட வந்தது. பத்து மணிக்கெல்லாம் இடுப்பளவு இறங்கிவிட்டான். முதுகில் வேர்வை வழிந்தது. முறை என்று ஒன்று இருக்கிறதே, குழி வெட்டுகிறவனுக்கு அக்காள்தான் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். செவரினா சொம்போடு குழி விளிம்பில் போய் நின்றாள்.

“தம்பி, தண்ணி.”

அந்தச் சொல்லை அவனிடம் முதல் தடவையாகச் சொன்னாள். காஸ்பர் சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, குழியின் பக்கவாட்டு மண்ணைக் கையால் தடவிப் பார்த்தான்.

“நல்ல மண்ணுக்கா இங்க. ஒரு கல்லு இல்லை. அங்க எல்லாம்...”

நிறுத்திவிட்டான். எங்க என்று ஒரே ஒரு சொல் கேட்டால் போதும், அவன் சொல்லிவிடுவான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. சுற்றிலும் குலம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. வில்பிரெட் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காஸ்பரின் அக்கா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, அவளும் செவரினாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவரினா கையை நீட்டிச் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“இந்தக் குழியையாவது ஆழமாத் தோண்டு தம்பி” என்றாள்.